பதினொரு பனரும் பத்து விரலும்

போன மாதம் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் நீங்கள் வைத்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். அடுத்த வருடம் இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகும் வழிகாட்டிகள் நீங்கள். இரண்டு மணிநேரம் பேசினீர்கள். அதில் முக்கால் மணிநேரம், உச்சியில் எந்தக் கொடியை முதலில் பிடிப்பது, யார் படம் எடுப்பது என்பதிலேயே போனது. இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குக் கதிரையைத் தூக்கி எறிந்திருப்பேன். முழங்கால் எழும்ப விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அகதியாக வந்து இறங்கி, உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்தவள் நான். கயிறு எனக்குப் பிடித்துப்போனது. பிறகு வடக்கே போய் உறைந்த நீர்வீழ்ச்சிகளில் ஏறப் பழகினேன். அங்கிருந்து பெரிய மலைகள். இருபத்தைந்து வருடம் ஆட்களை ஏற்றினேன். ஏற்றிய எல்லோரையும் உயிரோடு கீழே கொண்டுவந்தேன். முழுதாகக் கொண்டுவந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மலையின் பெயர் வேண்டாம். நேபாளத்தில் இருக்கிறது, ஏழாயிரம் மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உயரத்தை வைத்து அதை எடைபோடாதீர்கள். நடந்து ஏறும் மலை அல்ல. கடைசி அறுநூறு மீற்றர் நேர்குத்தாக நிற்கும் பனிச்சுவர். அதற்கு மேலே ஒரு கத்தி முனை போன்ற முகடு. முகட்டின் ஒரு பக்கத்தில் பனி, காற்றால் வெளியே தள்ளப்பட்டு, கீழே எதுவும் இல்லாமல் கூரைபோல் தொங்கும். அதன்மேல் கால் வைத்தால் முடிந்தது.

போனது நாங்கள் நான்கு பேர். நான், தலைவி. பசாங், பன்னிரண்டு வருடமாக என்னோடு கயிறு கட்டும் நேபாளத்து மலையேறி. வாயால் குறைவாகவும் கையால் அதிகமாகவும் பேசுகிறவர். ரமணன், ரொறன்ரோவின் ரூஜ் பக்கத்தில் பல் வைத்தியசாலை வைத்திருப்பவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், நான் பழக்கியவர்களில் பனியில் மிகச் சுத்தமாக ஏறுகிறவன். நான்காவது மரியநாயகம் அண்ணை. மன்னார்க்காரர், அறுபது வயது. அவர் மலை ஏற வரவில்லை. அடிவாரக் கூடாரத்தில் வோக்கிடோக்கியோடு இருப்பதற்காக வந்தார். உச்சியில் விரித்துப் பிடிக்கவேண்டிய துணிப் பதாகைகளுக்கு, பனர்களுக்கு, பொறுப்பும் அவர்தான்.

அந்தப் பனர்கள். மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் இரத்தம் சுத்திகரிக்கும் சிறுநீரக இயந்திரம் எடுத்துக் கொடுக்க, ரொறன்ரோவில் உள்ள பதினொரு பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்தன. நாங்கள் ஏறுவது, அவர்கள் காசு சேர்ப்பது. நல்ல காரியம், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு சங்கத்துக்கும் உச்சியில் தன் பனரோடு தனிப் படம் வேண்டும். அதில் இரண்டு சங்கங்கள் ஒரே பள்ளிக்கூடத்துக்கு உரியவை, இடையில் பிரிந்தவை. மற்றவர்களுடைய படத்துக்கு அடுத்த படமாகத் தங்களுடையது வரக்கூடாது என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக எனக்குப் போன் எடுத்தது. இன்னொரு சங்கம், பனர் காற்றில் போய்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் எங்கேயும் காலடியில் விழக்கூடாது என்றது. அதற்காக எல்லாப் பனரின் மூலையிலும் நைலோன் கயிற்றில் வளையம் தைக்கப்பட்டது, மணிக்கட்டில் மாட்ட.

எல்லாவற்றுக்கும் நான் ஓம் என்றேன். அது முதல் பிழை. அடுத்தது அதைவிடப் பெரியது.

ஏறும் திட்டம் எழுதுகிறவள் நான். சுவருக்கு இத்தனை மணிநேரம், முகட்டுக்கு இத்தனை, உச்சியில் பதினைந்து நிமிடம், சரியாகப் பகல் பன்னிரண்டுக்குத் திரும்புவது. பதினொரு பனருக்குப் பதினைந்து நிமிடம் போதாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உண்மையான நேரத்தை எழுதினால், உச்சிக்குப் பதினொன்றுக்கே போய்ச் சேரவேண்டும். அதற்குள் போகாவிட்டால் தொடாமல் திரும்பவேண்டும். அதனால் எழுதவில்லை. மறதி என்று ஊரில் சொன்னேன். மறதி இல்லை, கள்ளம். மலையில் ஆட்களை மாட்டுவது பெரும்பாலும் முரட்டுத் துணிச்சல் அல்ல. இப்படிக் கடதாசியில் செய்யும் சின்னக் கள்ளம்தான்.

பைக்குள் பனர்கள் போனதும் இடம் போதவில்லை. எதையாவது எடுக்கவேண்டும். என்னுடைய மேலதிகக் கையுறைச் சோடியை எடுத்துக் கூடாரத்தில் வைத்தேன்.

அன்று விடிய முன்பே சுவரில் இருந்தோம். சொல்லத்தான் வேண்டும், என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஏற்றம் வாய்த்ததில்லை. பனி நல்ல கடினம். கோடரியை ஒருமுறை வீசினால் போதும், டொக் என்று ஒரு சத்தம், கை முழுவதும் அது ஏறும். சப்பாத்தில் கட்டிய முட்கள் இரண்டு விரற்கடை மட்டும் பனியில், மிச்சமெல்லாம் வெளியில். கால்களுக்கு இடையில் பார்த்தால் ஐந்நூறு மீற்றர் கீழே பனியாறு. ரமணன் எனக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்தான். சூரியன் சுவரில் பட்டபோது சிரிக்கத் தொடங்கினான்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"பல்லுப் பிடுங்க வாற சனம் என்னைப் பாத்துப் பயப்பிடுதுகள் அக்கா. இப்ப விளங்குது அதுகளின்ரை பாடு."

"வாயை மூடிக்கொண்டு ஏறும்."

"நான் அதுகளுக்கு எதிர்மாறாய்ச் சொல்லுறனான். திறந்து வைக்கச் சொல்லி."

ஏறும்போதே இறங்குவதற்காக ஒன்பது இடங்களில் பனிக்குள் ஆணி திருகி விட்டுவந்தோம். அந்த ஒன்றை மட்டும் அன்று சரியாகச் செய்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு உச்சி. ஒரு பெரிய கட்டில் அளவு இடம். மூன்று பேரும் கட்டிப்பிடித்தோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு பசாங் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் தலையாட்டிவிட்டு முதலாவது பனரை எடுத்தேன்.

பசாங் ஒரு பக்கம், ரமணன் மற்றப் பக்கம். நான் பனியில் புதைத்த கோடரியில் என்னைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தேன். ரமணனுடைய கயிறு என்னோடு. கீழேயிருந்து வோக்கியில் மரியநாயகம் அண்ணை பட்டியலை வாசித்தார்.

"இப்ப எது? மூண்டாவதோ? அதுக்குப் பிறகு அஞ்சாவதைப் பிடியுங்கோ, நாலாவது வேண்டாம். நாலும் மூண்டும் கிட்ட வந்தால் இஞ்சை வெட்டுக்குத்து."

"அண்ணை, காத்து அடிக்குது."

"ஓம் ஓம், எழுத்து முழுக்கத் தெரியோணும், பாத்துக்கொள்."

ஒரு பனருக்கு இரண்டு நிமிடம் என்று நினைத்திருந்தேன். ஏழானது. மடிப்பு உறைந்துபோய் விரிய மறுத்தது. வளையம் சிக்கியது. ஆறாவதில் ரமணன் தடித்த கையுறைகளைக் கழற்றி மணிக்கட்டில் தொங்கவிட்டு, மெல்லிய உள்ளுறையோடு முடிச்சை அவிழ்த்தான். நான் பார்த்தேன். போடச் சொல்லியிருக்க வேண்டும். "கெதியாச் செய்யும்" என்று சொன்னேன்.

பன்னிரண்டரை. பசாங் மறுபடி கடிகாரத்தைக் காட்டினார். நான் "இன்னும் ஒன்று" என்றேன். அது எட்டாவது. ரமணனுடைய சொந்தப் பள்ளிக்கூடத்துப் பனர்.

அது விரிந்த நேரம் காற்று கீழிருந்து மேலே அடித்தது. பசாங் தன் பக்கத்தை உடனே விட்டார். தொழில் தெரிந்த கை அப்படித்தான் விடும். ரமணனின் பக்கம் மணிக்கட்டில் மாட்டியிருந்தது. பனர் ஒரு பாயாக நிமிர்ந்தது. அவனை முழங்காலில் விழுத்தி, பிறகு வயிற்றில் விழுத்தி, அந்தத் தொங்கும் பனிக்கூரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. என் இடுப்புப் பட்டியில் கயிறு விறைத்தது. கோடரி பனிக்குள் ஒரு அங்குலம் நகர்ந்ததைக் காலால் உணர்ந்தேன்.

"விடடா," என்று கத்தினேன். அதுவரை நான் அவனை டா போட்டதே இல்லை.

"ஏலாது, கையிலை இறுகிட்டுது."

பசாங் கோடரியின்மேல் தன் முழு உடம்பையும் போட்டுப் படுத்தார். நான் தவழ்ந்து போனேன். கத்தி என் கழுத்தில் தொங்கியது. அவனுடைய மணிக்கட்டில் இரண்டு கயிறுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று பனருடையது. மற்றது அவனுடைய உயிர். விறைத்து நிற்கும் கயிற்றில் கத்தி பட்டாலே போதும், அறுந்துவிடும். கண்ணாடி முழுவதும் பனி. கழற்றி எறிந்தேன். நைலோனை விரலால் தடவித் தேடினேன்.

அப்போது அவன் பனிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா?

"வெட்டாதேங்கோ அக்கா. எங்கடை பள்ளிக்கூடம்."

நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், படித்த மனிதன். சாவுக்கு இரண்டு முழம் இருக்கும்போது அவனுக்கு அந்தத் துணி பெரிதாக இருந்தது. சிரிக்காதீர்கள். உங்கள் பள்ளிக்கூடப் பெயர் எழுதிய துணி என்றால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

வெட்டினேன். பனர் ஒருமுறை சுழன்று போய்விட்டது.

அவனை உச்சிக்கு இழுத்து இருத்திக் கைகளைப் பார்த்தேன். இடக்கையில் கயிறு இறுக்கி இரத்தத்தை நிறுத்தியிருந்தது. நான்கு விரல்கள் மெழுகுதிரி நிறம். வலக்கையின் நுனிகளும் வெள்ளை. தொங்கவிட்ட கையுறைகளுக்குள் பனி நிரம்பி உறைந்திருந்தது. என்னுடைய மேலதிகச் சோடி எங்கே இருந்தது என்று முன்பே சொல்லிவிட்டேன். பசாங் தன் பையிலிருந்து தன்னுடைய மேலதிகச் சோடியை எடுத்து மாட்டிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு அடிபோல் இருந்தது.

இங்கே இரண்டு வழி. அங்கேயே இருந்து விரல்களைச் சூடாக்குவது. அல்லது உறைந்தபடியே கீழே கொண்டுபோவது. சூடாக்கத்தான் மனம் சொல்லும். அவனும் அதைத்தான் கேட்டான். ஆனால் உருகிய விரல் வழியில் மறுபடி உறைந்தால் விரல் இல்லை. மேற்கே முகில் திரண்டு வந்துகொண்டிருந்தது. இறங்குவோம் என்றேன்.

"நானே கயித்திலை இறங்குவன்," என்றான். "எனக்குக் கை வேலை செய்யுது."

"கண்ணை மூடும்."

மூடினான்.

"கயிறு உம்மடை வலக்கையிலை இருக்கு. இறுக்கிப் பிடியும்."

"பிடிச்சிட்டன்."

"நல்ல இறுக்கமோ?"

"ஓம் அக்கா. நல்ல இறுக்கம்."

"கண்ணைத் திறவும்."

கயிறு என் கையில் இருந்தது. அவன் கையில் ஒன்றும் இல்லை. தன் வெறும் கையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பல் வைத்தியன் அவன். அந்த விரல்களால் உணர்வது ஒன்றைத்தான் இருபது வருடமாகக் கற்றிருந்தான்.

"என்னை மூட்டை மாதிரி இறக்கப்போறீங்களோ?"

"ஓம். மூட்டை கதைக்காது. நீரும் கதையாதையும்."

முகட்டில் அவனை நடுவில் வைத்து நடத்தினோம். சுவர் தொடங்கும் இடத்தில் முறை இதுதான்: பசாங் முதலில் கயிற்றில் சறுக்கி அடுத்த ஆணிக்குப் போய் அதைச் சரிபார்ப்பார். வோக்கியில் சொல்வார். நான் ரமணனை அவரிடம் இறக்குவேன். பிறகு நான் இறங்குவேன். ஒன்பது தரம். முதல் நான்கும் தண்ணீர் போல் போயின. ஐந்தாவதில் முகில் எங்களை மூடியது. பத்து மீற்றருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பசாங் அடுத்த ஆணிக்குப் போய்ச் சேர்ந்து கயிற்றை இரண்டு தரம் இழுத்துக் காட்டினார். நான் ரமணனை இறக்கத் தொடங்கினேன். பாதி தூரம் போயிருப்பான்.

வோக்கி கரகரத்தது. மரியநாயகம் அண்ணை.

"பிள்ளை, மிச்சம் மூண்டு பனர் என்ன மாதிரி? ஒம்பதாவது ஆக்கள் ரொறன்ரோவிலையிருந்து போன் எடுத்துக்கொண்டு நிக்கினம். நான் என்ன சொல்ல? எடுத்தாச்சோ எடுக்கேல்லையோ? கேக்குதோ? இஞ்சை..."

அவர் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். வோக்கியில் ஒருவர் அமுக்கிப் பிடித்தால் மற்றவருடைய குரல் வராது. பசாங் என்னோடு பேச முயன்றாலும் எனக்குக் கேட்காது. நான் இறக்குவதா, நிறுத்துவதா? ஒருவனை அந்தக் குளிரில் அந்தரத்தில் தொங்கவிடுவது நல்லதல்ல. ஆனால் கேட்காத ஒன்றை நம்பி இறக்குவது அதைவிடக் கெட்டது. நிறுத்தினேன். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அண்ணை மூச்சு வாங்கப் பொத்தானை விட்ட நொடியில் கத்தினேன்.

"அண்ணை, வோக்கியைக் கீழை வையுங்கோ. ரமணன் கயித்திலை தொங்கிறான். அவன்ரை கை போச்சு. இனிப் பனர் எண்டு ஒரு சொல்லு வந்தால் நான் உங்களை மன்னாருக்கே நடந்து போக விடுவன்."

சத்தம் நின்றது. உடனே பசாங்கின் குரல்: "நிறுத்து, நிறுத்து. இங்கே ஆணி கழன்று வருகிறது. வேறு போடுகிறேன்."

ரமணனை இன்னும் பதினைந்து மீற்றர் இறக்கியிருந்தால், அவனுடைய பாரம் அந்த ஆணியில் வந்திருக்கும். இரண்டு பேரும் போயிருப்பார்கள். கேட்காதபோது நிறுத்து. உங்களுக்கு நான் சொல்லித்தரக்கூடிய பாடம் இந்த இரண்டு சொற்கள்தான். மிச்சமெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள்.

பன்னிரண்டு நிமிடம் அவன் முகிலுக்குள் தொங்கினான். நான் மேலேயிருந்து பேசிக்கொண்டே இருந்தேன், கேட்டதோ தெரியாது. கடைசியில் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, மூட்டை ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"உங்களுக்குப் பாடத் தெரியாதெண்டு ஆரும் சொல்லேல்லையோ?"

நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

சுவரின் அடியை நாங்கள் தொட்டபோது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. அங்கே, பனியாற்றின் விளிம்பில், மரியநாயகம் அண்ணை நின்றார். அடிவாரக் கூடாரத்திலிருந்து மூன்று மணிநேரம் நடந்து ஏறி, அடுப்பும் வெந்நீரும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அறுபது வயதில், சாதாரணச் சப்பாத்தோடு. அவருக்கு ஏசுவதற்கு வழியெல்லாம் சொல் தேடி வைத்திருந்தேன். அவர் ரமணனின் கைகளைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் சிலுவை போட்டார். நான் அவர் கையிலிருந்து அடுப்பை வாங்கினேன். பிழை அவருடையதல்ல. திட்டம் எழுதியது அவரல்ல.

ரொறன்ரோவில் வைத்தியர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். உறைந்த விரலில் எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரியக் கிழமைகள் எடுக்கும். அந்தக் கிழமைகளுக்குள் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். போகமாட்டேன் என்றேன். ரமணன் போவோம் என்றான். இரண்டு கையும் கட்டோடு முன்வரிசையில் இருந்தான். மனைவி தேநீர்க் கோப்பையை அவன் வாயில் பிடித்தாள்.

கேள்வி நேரத்தில் ஒரு செயலாளர் எழும்பினார். "ஏழு சங்கத்தின்ரை பனர் படத்திலை இருக்கு. எங்கடை பனர் மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் படமும் இல்லை, பனரும் இல்லை. இதுக்குப் பின்னாலை ஏதும் அரசியல் இருக்கோ எண்டு எங்கடை ஆக்கள் கேக்கினம்."

நான் மைக்கைப் பிடுங்க எழும்பினேன். ரமணன் முந்திவிட்டான். எழும்பி, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"நானும் உங்கடை பள்ளிக்கூடம்தான் அண்ணை. அது போகேக்கை நான்தான் பிடிச்சிருந்தனான்."

பிறகு நான் மேடைக்குப் போய், உச்சிக்குப் பதினைந்து நிமிடம் என்று எழுதியது நான், தெரிந்தே எழுதினேன் என்று சொன்னேன். கைதட்டினார்கள். எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இடக்கையில் இரண்டு விரல்களின் நுனி போனது. வலக்கை தப்பியது, தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ஆனால் உணர்ச்சி திரும்பியதா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பல்லில் ஊசி முனை எவ்வளவு ஆழம் போகிறது என்பது விரலுக்குத் தெரியவேண்டும். அவனுக்கே தெரியாது, தெரிகிறதா என்று. ஒரு வருடம் வைத்தியசாலையை இன்னொருவர் நடத்தினார். அவன் வீட்டில் இருந்து, விரலில் தெரிகிறதா என்று பார்க்க, பிசைந்த கோதுமை மாவில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் போன் எடுத்தான்.

"அக்கா, உங்களுக்குப் பல்லு ஏதும் பழுதோ?"

"கடைவாயிலை ஒண்டு கிடக்கு. ஏன்?"

"முதல் ஆளா வேறை ஒருத்தரையும் இருத்த எனக்குத் துணிவில்லை."

ரூஜுக்குப் போனேன். கதிரையில் சாய்ந்தேன். சுவரில் தொங்கியபோது எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இடக்கையின் மிச்ச விரல்களால் எடுத்தான். ஒரு தரம் விழுந்தது. வேறு எடுத்தான். ஊசியைக் கிட்டக் கொண்டுவந்து, அந்தரத்தில் நிறுத்தினான். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"நோகுதெண்டால் கையைத் தூக்குங்கோ."

"தொடங்கும்."

முக்கால் மணிநேரம். நான் கையைத் தூக்கவில்லை. ஒரு இடத்தில் தூக்கியிருக்கலாம். அதற்குச் சற்று முன்பே, தானாக, அவனுடைய கை நின்றது.

"இஞ்சை நரம்புக்குக் கிட்ட," என்றான். குரல் மாறியிருந்தது. "எனக்குத் தெரியுது அக்கா. விரலிலை தெரியுது."

நான் வாய் திறந்தபடி கிடந்தேன். அவன் முகமூடிக்கு மேலே கண்களைத் துடைக்கப் போய், கையில் ஊசி இருப்பதை நினைத்து நிறுத்தி, தோளில் துடைத்தான். அடைத்து முடித்து என்னை எழுப்பி இருத்தினான்.

"கீழ்ப்பக்கம் இன்னொண்டும் பழுது. அதை விட்டால் பிடுங்கவேண்டி வரும்."

எப்போது வரட்டும் என்று கேட்டேன்.